பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது! எத்திலீனைத் தெரிந்துகொண்டால் சேதம் குறையும்

கத்திரி வெயில் காலம். மதுராந்தகம் பக்கத்துத் தோப்பில் காலையில் பறித்த மாங்காயை ஒரு குட்டி யானையில் ஏற்றி, தாம்பரம் வழியாகக் கோயம்பேட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பறிக்கும்போது எல்லாமே கல்லு மாதிரி பச்சைக் காய்கள்தான். பெருங்களத்தூர் நெரிசலில் வண்டி நிற்கிறது. மேலே தார்ப்பாய், கீழே தார்ச்சாலையின் அனல். சரக்கு அன்றைக்கு விற்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால் நடுவில் இருந்த காய்கள் மட்டும் பழுத்துக் குழைந்திருக்கின்றன. ஓரத்தில் இருந்தவை இன்னும் பச்சையாகவே இருக்கின்றன.

ஒரே மரம், ஒரே நாள் பறிப்பு. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? "வெயில்" என்பது பாதிப் பதில். மீதிப் பதில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவில் இருக்கிறது. அதன் பெயர் எத்திலீன்.

இந்த வாயு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மூன்று நன்மைகள் உண்டு. பழம் என்றைக்குப் பழுக்க வேண்டும் என்பதை ஓரளவு நீங்களே தீர்மானிக்கலாம். வழியில் ஆகும் சேதத்தைக் குறைக்கலாம். கார்பைடு கல்லைத் தொடவே வேண்டியிருக்காது.

காய்க்கு உயிர் இருக்கிறது

காம்பை வெட்டியவுடன் காயின் கதை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மரத்திலிருந்து தண்ணீரும் உணவும் வருவதுதான் நிற்கிறது. காய் தொடர்ந்து சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்து, தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, கரியமில வாயு, நீராவி, வெப்பம் ஆகியவற்றை வெளியே விடுகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நான்கு கொய்யாவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வையுங்கள். மறுநாள் பையின் உள்பக்கம் வேர்த்திருக்கும். அந்த நீரின் ஒரு பகுதி சுவாசத்தில் உண்டானது, மறு பகுதி தோல் வழியாகக் கசிந்தது. அதேபோல், குவியலாகக் கொட்டி வைத்த காய்களுக்கு நடுவே கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அது வெயில் சூடு மட்டுமல்ல, காய்களே உண்டாக்கிய சூடும் சேர்ந்தது.

எவ்வளவு வேகமாகச் சுவாசிக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் சேமிப்பு தீர்ந்துபோகும். எடை குறையும், தோல் சுருங்கும், சுவை போகும். இந்த வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வெப்பநிலைதான். பொதுவாக, வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் சுவாச வேகம் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகிறது. அப்படியானால் 35 டிகிரியில் கிடக்கும் காய், 15 டிகிரியில் இருக்கும் காயைவிட நான்கு முதல் ஒன்பது மடங்கு வேகமாகத் தன்னையே எரித்துக்கொள்கிறது. மீனம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாத நாளில், தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் காய் நிழலில் கிடப்பதைவிட வேகமாக ஆயுளை இழக்கும்.

எத்திலீன் சொல்லும் சேதி

எத்திலீன் நிறமில்லாத வாயு. செடிகள் தாமே இதை உற்பத்தி செய்கின்றன. மனித உடம்பில் ஹார்மோன் எப்படியோ, செடிக்கு இது அப்படி. "இனி பழுக்கலாம்" என்று காயின் ஒவ்வொரு பகுதிக்கும் சேதி சொல்வது இதுதான்.

நன்றாக முற்றிய மாங்காயில் ஒரு கட்டத்தில் எத்திலீன் சுரப்பு தொடங்கும். அது தொடங்கியதும் சுவாசம் திடீரென்று உச்சத்துக்கு ஏறும். காய்க்குள் வரிசையாக மாற்றங்கள் நடக்கும். மாவுச்சத்து சர்க்கரையாகும். புளிப்பு குறையும். பச்சையம் சிதைந்து மஞ்சள் நிறம் தெரியும். சதையைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்த பெக்டின் கரைந்து பழம் மெதுவாகும். கடைசியாக மணம் வரும்.

இதில் விவசாயி கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எத்திலீன் பட்ட காய், மேலும் எத்திலீனைச் சுரக்கும். அது பக்கத்துக் காயைத் தூண்டும். அந்தக் காயும் சுரக்கும். அதனால்தான் பெட்டியில் ஒன்று பழுத்தால் சுற்றியிருப்பவை தொடர்ந்து பழுக்கின்றன. அடிபட்ட காய், கீறல் விழுந்த காய், பழ ஈ துளைத்த காய், அழுகத் தொடங்கிய காய் எல்லாமே வழக்கத்தைவிட அதிகமாக எத்திலீன் விடும். தொடக்கத்தில் சொன்ன பெட்டியில் நடந்ததும் இதுதான். நடுவில் காற்றோட்டம் இல்லை. சூடும் எத்திலீனும் அங்கேயே தேங்கின. ஓரத்துக் காய்களுக்குக் காற்றுப் பட்டதால் அவை தப்பின.

எவ்வளவு எத்திலீன் இருந்தால் இது தொடங்கும்? காற்றில் 10 லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பி.பி.எம். இருந்தாலே பல பழங்களுக்குப் போதும். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறைக்கு 1 பி.பி.எம். என்றால் சுமார் 28 மில்லி வாயுதான்.

விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது எப்படி?

1901-ல் ரஷ்யாவைச் சேர்ந்த நெல்யுபோவ், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் ஏன் கோணலாக வளைகின்றன என்று ஆராய்ந்தார். விளக்கு எரிக்கும் வாயுவிலிருந்து கசிந்த எத்திலீன்தான் காரணம் என்று தெரிந்தது. 1910-ல் ஜமைக்காவில், ஆரஞ்சையும் வாழையையும் ஒரே கப்பலில் ஏற்றினால் வாழை முன்கூட்டியே பழுத்துவிடுகிறது, சேர்த்து ஏற்றாதீர்கள் என்று எச்சரித்தார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எலுமிச்சைக்கு மஞ்சள் நிறம் வர மண்ணெண்ணெய் அடுப்பு வைத்த அறைகளில் அடுக்கினார்கள். சூட்டினால்தான் நிறம் மாறுகிறது என்று நம்பினார்கள். ஆனால் புகை வராத வேறு வெப்பமூட்டிகளை வைத்தபோது எலுமிச்சை மஞ்சளாகவில்லை. 1924-ல் டென்னி என்ற ஆய்வாளர், அடுப்புப் புகையில் இருந்த எத்திலீன்தான் வேலை செய்தது என்று காட்டினார். 1934-ல் இங்கிலாந்தின் கேன், பழமே எத்திலீனை உற்பத்தி செய்கிறது என்பதை உறுதி செய்தார்.

அந்த எலுமிச்சைக் கதை நமக்குப் புதிதல்ல. வாழைத்தாரை அறையில் அடுக்கி, வைக்கோலையும் வறட்டியையும் புகைய விட்டு மூட்டம் போடும் வழக்கத்துக்கும் காரணம் அதேதான். அரைகுறையாக எரியும் வைக்கோலின் புகையில் எத்திலீன் இருக்கிறது. மாங்காயை வைக்கோலில் புதைப்பதும், வீட்டில் நாலு காயை அரிசிப் பானைக்குள் போடுவதும் வேறு வழியில் அதையே செய்கின்றன. காய் விடும் எத்திலீன் வெளியே போகாமல் அதன் மேலேயே தங்குகிறது.

புகை மூட்டத்தில் குறைகளும் உண்டு. எவ்வளவு வாயு சேர்ந்தது என்று கணக்கு தெரியாது. சில சீப்பு பழுக்கும், சில பழுக்காது. தோலில் புகை வாசமும் கரியும் ஏறும். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு தேங்கும் என்பதால் உள்ளே போகும் ஆளுக்கு உயிராபத்து. அதனால் பெரிய அளவில் செய்ய இது ஏற்ற முறை அல்ல.

எல்லாப் பழமும் ஒரே மாதிரி இல்லை

பழங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

பறித்த பிறகு பழுப்பவை: மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, சீத்தா, பலா, கொய்யா, தக்காளி. இவற்றை முற்றிய காயாகப் பறிக்கலாம். எத்திலீன் பட்டால் பழுக்கும்.

பறித்த பிறகு பழுக்காதவை: திராட்சை, மாதுளை, எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு, அன்னாசி, தர்பூசணி. இவை செடியில் இருக்கும்போதுதான் இனிக்கும். காயாகப் பறித்துவிட்டு எத்தனை நாள் வைத்தாலும் இனிப்பு கூடாது. எலுமிச்சைக்கு எத்திலீன் பட்டால் தோல் மஞ்சளாகும், ஆனால் உள்ளே ஒன்றும் மாறாது.

நம் பகுதியில் தர்பூசணி போடுபவர்கள் அதிகம். தர்பூசணிக்கு எத்திலீனால் எந்த நன்மையும் இல்லை, கேடுதான். எத்திலீன் பட்டால் அதன் சதை நீர் கோத்துக் குழைந்துபோகும். எனவே மாம்பழம் அல்லது வாழை அடுக்கிய கொட்டகையில் தர்பூசணியைக் குவிக்காதீர்கள்.

கார்பைடு கல் ஏன் வேண்டாம்?

கால்சியம் கார்பைடு, வெல்டிங் வேலைக்கு வாயு எடுக்கப் பயன்படும் கல். காற்றின் ஈரம் பட்டால் அதிலிருந்து அசிட்டிலீன் வாயு வரும். அசிட்டிலீன் எத்திலீனுக்குத் தூரத்து உறவு மாதிரி. காய்க்குள் எத்திலீன் பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தை அதுவும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் வீரியம் மிகக் குறைவு. எத்திலீன் செய்யும் அதே வேலையைச் செய்ய அசிட்டிலீன் ஏறத்தாழ 2,800 மடங்கு அதிகம் தேவை என்று 1960-களிலேயே ஆய்வில் கண்டறிந்தார்கள். அதனால் கல்லை அதிகமாகப் போடுகிறார்கள்.

விளைவு என்ன? தோல் மஞ்சளாகிறது. உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாக மாறி முடிவதற்குள் பழம் சந்தைக்குப் போகிறது. அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெளுப்பாக, புளிப்பாக இருக்கும். மணம் இருக்காது.

அதைவிட மோசமானது, தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு சிறிதளவு இருப்பது. அந்த நச்சு வாயுக்களும் சேர்ந்தே வெளியேறும். வாய்ப்புண், வயிற்று எரிச்சல், வாந்தி, தலைச்சுற்றல் வரலாம். முதலில் பாதிக்கப்படுவது அந்தக் கல்லைக் கையால் எடுத்துப் பொட்டலம் கட்டும் தொழிலாளிதான். அசிட்டிலீன் எளிதில் தீப்பிடிக்கக்கூடிய வாயு என்பதையும் மறக்கக் கூடாது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளில் 2.3.5-ம் விதி, கார்பைடு வாயுவால் பழுக்க வைத்த பழத்தை விற்பதைத் தடை செய்கிறது. ஒவ்வொரு கோடையிலும் கோயம்பேடு சந்தையில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை நடத்திப் பழங்களைப் பறிமுதல் செய்து அழிப்பதைச் செய்தியில் பார்க்கிறோம்.

"நான் கல் போடவில்லை, வியாபாரிதான் போடுகிறார், எனக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். 2025 கோடையில் தர்பூசணிக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். பழத்தில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவியதும் மக்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். விலை சரிந்தது. ஒரு தவறும் செய்யாத விவசாயிகளின் பழம் வயலிலேயே கிடந்தது. மாம்பழத்தின் மேல் அப்படி ஒரு பயம் வந்தால் அதன் நஷ்டமும் கடைசியில் தோப்புக்காரர் தலையில்தான் விழும். தாம்பரம் மார்க்கெட்டிலோ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ நேரடியாக விற்பவர்களுக்கு, "இவர் கல் போட மாட்டார்" என்ற பெயர்தான் மூலதனம்.

சரியான முறையில் பழுக்க வைப்பது

காய் தானே சுரக்கும் அதே எத்திலீனை, அளவோடு வெளியிலிருந்து கொடுப்பதற்குச் சட்டம் அனுமதிக்கிறது. 2016 முதல் 100 பி.பி.எம். வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்தலாம். முன்பு சொன்ன 10 அடி அறைக்கு 100 பி.பி.எம். என்றால் மூன்று லிட்டருக்கும் குறைவான வாயுதான். அதற்கு மேல் கொடுப்பதால் வேகம் கூடாது, பணம்தான் வீண்.

பழுக்க வைக்கும் அறையில் நடப்பது இதுதான்.

1. ஒரே முற்றலில் உள்ள காய்களை மட்டும் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்க வேண்டும். பெட்டிகளுக்கு நடுவே காற்று ஓட இடைவெளி வேண்டும்.

2. வெப்பநிலை மாவுக்கு 20 முதல் 22 டிகிரி, வாழைக்கு 16 முதல் 18 டிகிரி. ஈரப்பதம் 90 முதல் 95 சதவீதம். ஈரம் குறைந்தால் தோல் சுருங்கும்.

3. அறையை மூடி 24 மணி நேரம் எத்திலீன் கொடுக்க வேண்டும். காய் போதிய முற்றலில் இல்லாவிட்டால் 48 மணி நேரம் வரை தேவைப்படலாம்.

4. பழங்கள் சுவாசிப்பதால் அறையில் கரியமில வாயு சேரும். அது 1 சதவீதத்தைத் தாண்டினால் எத்திலீனின் வேலையைத் தடுக்கும். அதனால் இடையிடையே காற்றோட்டம் தர வேண்டும். ஆள் உள்ளே போகும் முன்பும் கதவைத் திறந்து காற்றை மாற்ற வேண்டும்.

5. பிறகு வாயுவை நிறுத்தி வெளியே எடுத்தால், தொடங்கிய வேலையைப் பழமே முடித்துக்கொள்ளும். மா நான்கைந்து நாளில் ஒரே சீராகப் பழுக்கும்.

இந்த வெப்பநிலை ஏன் முக்கியம்? நல்ல வெயில் காலத்தில் ஜி-9 வாழையைக் குளிர்ச்சி இல்லாமல் பழுக்க வைத்தால் சதை குழைந்துவிடும், தோல் மட்டும் பச்சையாகவே நிற்கும். நிறம் வர வேண்டுமானால் சூட்டைக் குறைத்தாக வேண்டும்.

பெரிய அறை கட்ட வசதி இல்லாதவர்களுக்கு, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் எளிய முறை ஒன்றைப் பரிந்துரைக்கிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பழப்பெட்டிகளை அடுக்கி, ஒரு கிண்ணத்தில் எத்தரல் மருந்துடன் காரம் சேர்த்தால் எத்திலீன் வாயு வெளிவரும். சிறிய மின்விசிறி ஒன்று அந்த வாயுவை எல்லாப் பெட்டிக்கும் பரப்பும். 18 முதல் 24 மணி நேரத்தில் கூடாரத்தைத் திறந்துவிடலாம். மருந்தின் அளவைக் கூடாரத்தின் கன அளவை வைத்துக் கணக்கிட வேண்டும். காரம் கையில் பட்டால் புண்ணாகும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் அவசியம். முதல் முறை செய்யும்போது தோட்டக்கலை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எத்தரலைத் தண்ணீரில் கலந்து பழத்தை முக்கி எடுப்பதும், பழத்தின் மேல் தெளிப்பதும் கூடாது. அந்த மருந்தை வாயு எடுக்க மட்டுமே பயன்படுத்தலாம். எத்திலீன் தூள் பொட்டலம் வைத்தாலும் தூள் பழத்தில் படவே கூடாது.

எத்திலீன் சாதிக்காத வேலை

பிஞ்சாகப் பறித்த காயை எந்த வாயுவாலும் நல்ல பழமாக்க முடியாது. சர்க்கரையாக மாற உள்ளே மாவுச்சத்து இருந்தால்தானே? விலை அதிகமாக இருக்கிறதே என்று சீசன் தொடக்கத்தில் அவசரப்பட்டுப் பறிப்பதுதான் சுவை கெடுவதற்கு முதல் காரணம்.

மாங்காய் முற்றியதை எப்படிப் பார்ப்பது? காம்பின் இரு பக்கத் தோள் மேலெழும்பி, காம்பு சற்றுப் பள்ளத்தில் இருக்க வேண்டும். தோலின் கரும்பச்சை வெளுத்திருக்க வேண்டும். மாதிரிக்குப் பத்துக் காயைத் தண்ணீரில் போடுங்கள். முற்றிய காய் மூழ்கும். மிதப்பவை அதிகமாக இருந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். பங்கனப்பள்ளி, செந்தூரம், ருமானி எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஒரே மரத்தில்கூட இரண்டு மூன்று தடவையாகப் பறிப்பது நல்லது.

பழுப்பதைத் தள்ளிப்போட

சந்தையில் வரத்து அதிகம், விலை இல்லை. நான்கு நாள் நிறுத்தி வைக்க வேண்டும். அப்போது எத்திலீனையும் சூட்டையும் குறைப்பதுதான் வழி.

• அதிகாலையில் பறியுங்கள். பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, தரையில் குவிக்காமல் பரப்பி, வயல் சூடு இறங்க விடுங்கள்.

• மாங்காயைச் சிறிது காம்போடு வெட்டுங்கள். பால் வழிந்தால் தோல் கருகும், அந்தப் புண்ணும் எத்திலீனைக் கூட்டும். கீழே விழுந்த காயை நல்ல காயோடு சேர்க்காதீர்கள்.

• தினமும் ஒருமுறை பெட்டிகளைப் பாருங்கள். பழுத்தது, கீறியது, அழுகியது எல்லாவற்றையும் தனியே எடுத்து, கொட்டகையை விட்டே வெளியேற்றுங்கள்.

• கொட்டகைக்கு எதிரெதிர் பக்கம் திறப்பு வையுங்கள். எத்திலீன் தேங்காமல் போக இதைவிட மலிவான வழி கிடையாது.

• கொட்டகைக்குள் வண்டி இன்ஜினை ஓடவிட்டபடி ஏற்றி இறக்காதீர்கள். வண்டிப் புகையிலும் எத்திலீன் உண்டு. பக்கத்தில் சருகு எரிப்பதும் கூடாது.

• பொட்டாசியம் பெர்மாங்கனேட் பொட்டலங்கள் எத்திலீனை உறிஞ்சி அழிக்கும். வாழைப் பெட்டிகளில் இது நன்றாக வேலை செய்கிறது. ஊதா நிறம் பழுப்பாக மாறினால் பொட்டலம் தீர்ந்தது என்று அர்த்தம். இதுவும் பழத்தில் படக் கூடாது.

• மின்சாரம் இல்லாத குளிர் அறையும் கட்டலாம். இரண்டு வரிசைச் செங்கல் சுவர், நடுவே சுமார் 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் மணல். காலையும் மாலையும் மணலை நனைத்தால் உள்ளே வெளியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். இது டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வடிவமைப்பு. வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். கடல் காற்று ஏறி ஈரப்பதம் கூடும் நாளில் நம் பகுதியில் பலன் குறையும். அதற்கேற்ப எதிர்பாருங்கள்.

குளிர்பதனக் கிடங்கில் வைப்பவர்கள், "எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது" என்று நினைக்க வேண்டாம். மாவையும் வாழையையும் 12, 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் குளிர் தாக்கும். வாழைத்தோல் கறுக்கும். மாங்காய் தோலில் பள்ளம் விழும், வெளியே எடுத்த பிறகும் சரியாகப் பழுக்காது.

ஒரே வண்டியில் எதை எதை ஏற்றலாம்?

தாம்பரத்தைச் சுற்றிய ஊர்களிலிருந்து பலரும் சேர்ந்து ஒரு வண்டி பேசி, கீரை, காய், பூ, பழம் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்புவது வழக்கம். வாடகை மிச்சம்தான். ஆனால் பழம் விடும் எத்திலீனுக்குக் கீரையும் காயும் பலியாகும். கீரை மஞ்சளாகும். பாகற்காய் பழுத்து வெடிக்கும். வெள்ளரி நிறம் மாறும். கத்தரியின் காம்பு உதிரும். பூக்கள் சீக்கிரம் வாடும்.

எனவே பழுத்த மா, வாழை, பப்பாளி, சப்போட்டா ஒரு வண்டியில் போகட்டும். கீரை, காய், பூ வேறு வண்டியில் போகட்டும். ஒரே வண்டிதான் என்றால், பழத்தைக் கடைசியில் காற்றுப் படும் பக்கம் அடுக்குங்கள். தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டாமல், மேலே நிழலுக்கு மட்டும் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். இரவில் புறப்பட்டு விடியலில் சந்தைக்குப் போகும்படி நேரம் வைத்தால் சூடும் குறையும், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலும் குறையும்.

சுருக்கமாக

✔ பறித்த காயும் சுவாசிக்கிறது. சூடு கூடினால் ஆயுள் குறையும்.

✔ எத்திலீன் ஒரு காயிலிருந்து அடுத்த காய்க்குத் தொற்றும். அடிபட்டதை உடனே பிரியுங்கள்.

✔ முற்றாத காயை எதனாலும் இனிக்க வைக்க முடியாது.

✔ பழுக்க வைக்க வேண்டுமானால் 100 பி.பி.எம்.-க்குள் எத்திலீன் வாயு. கார்பைடு வேண்டவே வேண்டாம்.

✔ நிறுத்தி வைக்க வேண்டுமானால் நிழல், காற்றோட்டம், குளிர்ச்சி.

✔ பழத்தோடு கீரையும் தர்பூசணியும் சேர்த்து வைக்காதீர்கள்.

தனி ஒருவர் பழுக்க வைக்கும் அறை கட்டுவது கடினம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ குழுவாகவோ சேர்ந்தால் முடியும். தேசியத் தோட்டக்கலை இயக்கத்தில் இதற்கு மானியம் உண்டு. விவரங்களை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். செங்கல்பட்டு மாவட்ட விவசாயிகள் பொத்தேரி அருகே உள்ள காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

இந்த சீசனில் செலவில்லாத ஒரு சோதனையோடு தொடங்குங்கள். ஒரே நாளில் பறித்த காய்களில் இரண்டு பெட்டி எடுங்கள். ஒன்றில் எல்லாவற்றையும் கலந்து மூடி வையுங்கள். மற்றொன்றில் அடிபட்டதைப் பிரித்து, நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். ஐந்தாம் நாள் இரண்டையும் எண்ணிப் பாருங்கள். எத்தனை காய் மிச்சமானது என்பதை உங்கள் சந்தை விலையால் பெருக்கினால், எத்திலீனைத் தெரிந்துகொண்டதன் லாபம் கையில் கணக்காகக் கிடைக்கும்.